ஒரு மணி நேரத்த ஒரு கிறுக்கன்கிட்ட குடுத்துப் பாருங்க

ரேடியோன்னா இப்ப நம்ம பயலுவளுக்கு எஃப்எம், எஃப்எம்னா சினிமா பாட்டு, அவ்வளவுதான். காலையில பஸ்ல ஏறும்போது ஒரு பாட்டு ஓடும், ஜங்ஷன்ல எறங்கி டீ குடிக்கப் போனா அதே பாட்டு வேற ஸ்டேஷன்ல ஓடும், சாயங்காலம் திரும்பி வாரப்பவும் அதேதான். நடுவுல ரெண்டு பேரு ஒருத்தர ஒருத்தர் கலாய்ச்சுக்கிட்டே இருப்பாங்க, பேசுறது எந்த ஊர்த் தமிழ்னே கண்டுபிடிக்க முடியாது. அவங்களக் குத்தம் சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஏலத்துல கோடிக்கணக்குல காசு கட்டி லைசென்ஸ் எடுத்தவன் எல்லா மணி நேரத்துலயும் எல்லாரையும் புடிச்சு வச்சாத்தான் வெளம்பரம் வரும், எல்லாருக்கும் புடிச்சது எதுன்னு வடிகட்டி வடிகட்டிப் போனா கடைசில நாப்பது அம்பது பாட்டுதான் மிஞ்சும், வேற வழியில்ல.

ஆனா ரேடியோ இப்படித்தான் இருக்கணும்னு எந்தச் சட்டமும் கெடையாதுன்னு எனக்குத் தெரிய வந்தது நெட்ல வெளிநாட்டு ஸ்டேஷன்கள மேய ஆரம்பிச்ச பெறகுதான். அமெரிக்காவுல நியூ ஜெர்சில டபிள்யூஎஃப்எம்யூன்னு ஒண்ணு. 1958ல ஒரு காலேஜ் ஸ்டேஷனா ஆரம்பிச்சது, 1995ல அந்த காலேஜையே இழுத்து மூடிட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடியே கேக்குற ஆளுக சேந்து ஸ்டேஷன தனியா வாங்கி வச்சிக்கிட்டதால ரேடியோ மட்டும் சாகாம இன்னைக்கும் ஓடுது. வெளம்பரம் கெடையாது. வருஷா வருஷம் கேக்குறவங்ககிட்டயே கைய நீட்டி வாங்கி ஓட்டுதாங்க. நிகழ்ச்சி நடத்துறவங்க பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆளுக, இந்தப் பாட்டப் போடு அந்தப் பாட்டப் போடாதன்னு மேல இருந்து ஒருத்தனும் சொல்ல மாட்டான். அதுல ஒரு மனுசன் நூறு வருசத்துக்கு முந்தின இசைத்தட்டையும் எடிசன் காலத்து சிலிண்டர் ரெக்கார்டையும் சாவி குடுத்து ஓட்டுற கிராமபோன்லயே போட்டு, குழாய்க்கு முன்னாடி மைக்க வச்சு ஒலிபரப்புதாரு. அந்தக் கரகரப்பு, முள்ளு தேயுற சத்தம் எல்லாம் அப்படியே வருது. அத முடிச்சு அடுத்த ஆள் வந்தா காது கிழியுற மாதிரி எதோ ஒரு இரைச்சல், அதுக்கடுத்த ஆள் ஆப்பிரிக்கக் கேசட்டு, அதுக்கடுத்து ஒருத்தர் போன்ல வாரவங்ககிட்ட சண்டை போடுதாரு. பாதி எனக்குப் புடிக்கவே இல்ல, உண்மையச் சொல்லணும்னா பாதிக்கு மேலயே புடிக்கல. ஆனா அடுத்து என்ன வரும்னு தெரியாம ஒரு ரேடியோவக் கேட்டு எவ்வளவு காலம் ஆச்சு!

இதுல நான் புடிச்சுக்கிட்டது ஒண்ணுதான். பல வகை நிகழ்ச்சி வேணும்னு கமிட்டி போட்டு திங்கக்கெழம மகளிர், செவ்வாக்கெழம இளைஞர், புதன் வேளாண்மைன்னு அட்டவணை போட்டா வகை வந்துராது. ஏதோ ஒண்ணு மேல கிறுக்கு புடிச்ச ஒரு ஆளத் தேடிப் புடிச்சு, இந்தாப்பா இந்த ஒரு மணி நேரம் உனக்கு, யாரு கேட்டா என்ன கேக்காட்டி என்னன்னு குடுத்துட்டு ஒதுங்கி நின்னாதான் வகை வரும். கலிபோர்னியாவுல பெர்க்லில கேபிஎஃப்ஏன்னு ஒரு ஸ்டேஷன், 1949ல லூயிஸ் ஹில்னு ஒருத்தர் தொடங்குனது, கேக்குறவங்க சந்தாவுலயே ரேடியோவ ஓட்டிரலாம்னு அப்பவே இறங்குன மனுசன் அவரு. பொலிவியாவுல 1940கள் கடைசில இருந்து தகரச் சுரங்கத் தொழிலாளிக தங்களோட கூலில ஒரு பங்கப் போட்டு சங்கத்துக்குன்னு சொந்த ரேடியோ வச்சிருந்தாங்க, ஸ்ட்ரைக் அறிவிப்பும் அதுல வரும், கால்பந்து கமென்ட்ரியும் வரும், இன்னார் வீட்டுக்கு ஊர்ல இருந்து அம்மா வந்திருக்கா பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லுங்கங்கற மாதிரி சேதியும் வரும், ராணுவம் வந்து அடிச்சு ஒடச்சாலும் திரும்பக் கட்டிக்கிட்டாங்க. மெல்போர்ன்ல 1976ல இருந்து ஓடுற 3சிஆர்ங்கற ஸ்டேஷன் ஜெயிலுக்குள்ள மைக்கக் கொண்டு போயி அங்க இருக்கற பழங்குடி ஆளுகளோட குரல வருசா வருசம் ஒலிபரப்புது. இதுல எதையாவது ஒரு வெளம்பர கம்பெனி உக்காந்து யோசிச்சிருக்குமா?

சரி நம்ம நாட்டுக்கு வருவோம். இங்க கதை ஆரம்பிக்கறது ஒரு கிரிக்கெட் வழக்குல, கேட்டா சிரிப்பீங்க. வங்காள கிரிக்கெட் சங்கம் மேட்ச யாரு காட்டணும்னு அரசாங்கத்தோட மல்லுக்கு நின்னதுல, 1995ல சுப்ரீம் கோர்ட்டு காற்றலை பொதுச் சொத்துன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. அதுக்கப்புறமும் இழுத்து இழுத்து 2002 கடைசிலதான் சமுதாய வானொலி, அதாவது லாபத்துக்கு இல்லாம ஒரு ஊருக்குன்னு நடத்துற சின்ன ரேடியோ, வச்சுக்க காலேஜ்களுக்கு அனுமதி, 2004 பிப்ரவரில சென்னை அண்ணா யுனிவர்சிட்டில அண்ணா எஃப்எம் வந்தது, நாட்டுலயே மொத கேம்பஸ் ரேடியோ அது. தொண்டு நிறுவனம், வேளாண் அறிவியல் நிலையம் மாதிரி ஆளுகளுக்கு 2006லதான் கதவு தெறந்துச்சு. தெலங்கானாவுல மச்னூர்ல தலித் பெண்கள் நடத்துற சங்கம் ரேடியோ 2008 அக்டோபர்ல காத்துல ஏறுச்சு, ஆனா அவங்க ஸ்டுடியோவ 1998லயே கட்டிட்டாங்க, லைசென்ஸ் கெடைக்காததால பத்து வருசம் நிகழ்ச்சியக் கேசட்டுல பதிஞ்சு ஊர் ஊராக் கொண்டுபோயி சங்கக் கூட்டத்துல போட்டுக் காமிச்சிருக்காங்க. கம்பு, சோளம், வெத, மாட்டு வைத்தியம், பதுக்கம்மா திருவிழாப் பாட்டு எல்லாம் அவங்க பேச்சுலயே, எழுத்துத் தெலுங்குல இல்ல. அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.

நம்ம பக்கத்துல இப்படிச் சொல்லணும்னா பாம்பன் கடல் ஓசை. 2016ல இருந்து 90.4ல மீனவர்களுக்குன்னே ஓடுது, காத்து, அலை, கடல் நிலவரம், மீன் வளம், நடுவுல கடல்காரங்க பாட்டு. நாகப்பட்டினம் பக்கம் விழுந்தமாவடில சுனாமிக்குப் பெறகு வந்த களஞ்சியம் வானொலி இருக்கு. இந்த 90.4ங்கற நம்பர் எல்லா ஊர்லயும் வருதேன்னு யோசிச்சிருக்கீங்களா, அது என்னன்னா சமுதாய வானொலிக்குன்னு 90.4, 90.8, 91.2, 107.8ன்னு கைவிரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் ஒதுக்கிருக்கு, பவரும் 100 வாட்டுக்குள்ள, கம்பம் 30 மீட்டருக்கு மேல போகக் கூடாது, அதனால பத்து பதினஞ்சு கிலோமீட்டர் தாண்டுனா அமுங்கிரும், அடுத்த ஊர்க்காரன் அதே நம்பர வச்சுக்கலாம். நாடு முழுக்க ஐந்நூறு சுத்தி இருக்கு, அவ்வளவுதான், நம்ம ஜனத்தொகைக்கு அது கொசு.

நெல்லைக்கு ரேடியோ புதுசு இல்ல. பாளையங்கோட்டைல ஆல் இந்தியா ரேடியோ 1963ல இருந்து இருக்கு. அத அரசாங்க ரேடியோன்னு எளக்காரமாப் பேசுறவங்க அந்தக் காலத்துல அதுல என்னென்ன வந்துச்சுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேக்கணும், வில்லுப்பாட்டு, நாதஸ்வரம், விவசாயம், நாடகம், பிள்ளைகளுக்கு, பொம்பளைகளுக்கு, நேயர் கடிதத்துக்குன்னு தனித்தனியா. தஞ்சாவூர் பக்கம் 1960கள்ல ஏடிடி 27 நெல்ல திருச்சி ரேடியோவுல கேட்டே பயிர் பண்ணி அதுக்கு ரேடியோ நெல்லுன்னு பேரே வச்சுட்டாங்க, அந்த அளவுக்கு காது குடுத்திருக்காங்க. போதாததுக்கு இலங்கை வானொலி வேற நம்ம கடக்கரைல நம்ம ஸ்டேஷன் மாதிரியே தெளிவா விழும். எங்க ஆச்சிக்கு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது எல்லாம் சொந்தக்காரங்க மாதிரி, யாராவது குறுக்க பேசுனா "ஏல, அவுக பேசுதாவல்ல, வாய மூடு"ன்னு அடிக்க வருவா.

சமுதாய வானொலின்னு சொன்னதும் எனக்கு யாரு ஞாபகம் வருதுன்னா நம்ம ஊர் ரேடியோ செட்காரர்தான். கோயில் கொடைக்கு கால் நாட்டுனதும் தென்ன மரத்துல ரெண்டு குழாயக் கட்டிட்டு உக்காந்துருவாரே அவரு. வெள்ளன பக்திப் பாட்டு, பத்து மணிக்கு பழைய பாட்டு, மத்தியானம் ஊரே தூங்கும்போது அவருக்கு மட்டும் புடிச்ச எதோ ஒண்ணு, சாயங்காலம் மஞ்சப் பானைக்கு முன்னாடி சாமி பாட்டு, நடுநடுவுல வரி கட்டாதவங்க பேர வாசிக்கது, பிள்ளையக் காணும்னு அறிவிப்பு. யாரும் அவருக்கு அட்டவணை எழுதிக் குடுக்கல. டபிள்யூஎஃப்எம்யூல நூறு பேரு சேந்து பண்ணுற வேலைய ஒத்த ஆளா பண்ணிக்கிட்டிருந்தாரு, நாமதான் அவரச் சத்தம்னு சொல்லி ஒதுக்கிட்டோம் (காலைல நாலு மணிக்கு ஆரம்பிச்சா சத்தம்தான், அத ஒத்துக்கிடணும்).

இப்ப எனக்கு ஒரு ஸ்டேஷன் கெடச்சா மொத வேலையா வில்லுப்பாட்ட எடுப்பேன். மூணு நிமிசத்துக்கு வெட்டி வாட்சப்ல வருதே அது இல்ல. முத்துப்பட்டன் கதையோ சுடலைமாடன் கதையோ கோயில்ல பாடுனா ராத்திரி தொடங்கி விடியுற வரைக்கும் போகும், நடுவுல சாமி வந்து ஆடுறது, புலவர் தொண்டை கட்டி டீ குடிக்கது, பக்கப்பாட்டுக்காரரு கிண்டல், குடம் அடிக்கறவரு தாளத்த மாத்துனதும் கூட்டத்துல எழுற குலவை, எல்லாம் சேந்ததுதான் அது. எந்த கமர்சியல் ஸ்டேஷனும் ஒரு ராத்திரி முழுக்க இதுக்குக் குடுக்க முடியாது. நூறு வாட்டு ஸ்டேஷன் குடுக்கலாம், ராத்திரி ஒரு மணிக்கு அதுக்கு என்ன நட்டம் வந்துரப் போகுது? கணியான் கூத்தும் அப்படித்தான், ரெண்டு மகுடப் பறை ஒண்ணுக்கொண்ணு பதில் பேசுறத நல்ல மைக் வச்சுப் பதிஞ்சு கேட்டாத்தான் அதுல எவ்வளவு கணக்கு இருக்குன்னு தெரியும், கோயில்ல குழாய் ஸ்பீக்கர்ல எல்லாம் ஒண்ணாக் கலங்கிருது. அதே மாதிரி காருகுறிச்சி அருணாசலம் ஊர்ல பெறந்துட்டு நாதஸ்வரத்த கல்யாணத்துக்கு மட்டும் கேக்கோம், கெட்டிமேளம் கொட்டுனதும் பந்திக்கு ஓடிருதோம்.

ரெண்டாவது பீடிக்காரங்க. முக்கூடல், ஆலங்குளம், கடையம், பேட்டை, மேலப்பாளையம்னு எத்தன வீட்டுத் திண்ணைல மடில சொளவ வச்சு பொம்பளைக பீடி சுத்துதாங்க. கண்ணும் கையும் எலையிலயும் தூள்லயும் கெடக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். டிவி போட்டா அத நிமிந்து பாக்கணும், கட்டு கொறையும், கடைல கணக்கு ஒதைக்கும். ரேடியோவுக்குன்னே பெறந்த ஆளுக இவங்கதான். கியூபால சுருட்டு சுத்துற ஆலைகள்ல 1865ல இருந்தே ஒருத்தர ஒசரமா உக்கார வச்சு பேப்பரும் நாவலும் சத்தமா வாசிக்கச் சொல்லிருக்காங்க, அவருக்குக் கூலி குடுத்தது மொதலாளி இல்ல, சுத்துற தொழிலாளிக தங்களோட காசுல இருந்து குடுத்தாங்க, என்ன வாசிக்கணும்னும் அவங்களே முடிவு பண்ணுனாங்க. அவ்வளவு தூரம் ஏன் போகணும், மலைக்கு அந்தப் பக்கம் கண்ணூர்ல பீடிக் கம்பெனிகள்ல ஒருத்தர் பேப்பர் வாசிக்க, அவரு சுத்த வேண்டிய பீடிய மத்தவங்க பங்கு போட்டுச் சுத்திக் குடுத்திருக்காங்க. நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு தனித்தனியா உக்காந்து சுத்துறதால அது நடக்கல. ஒரு சின்ன ஸ்டேஷன் இருந்தா நடக்கும்.

எங்க சித்திகிட்ட இதச் சொன்னேன், பீடி சுத்திக்கிட்டேதான் கேட்டுக்கிட்டிருந்தா. "ஏய்யா, அதுல டாக்டர் வந்து இடுப்பு வலிக்குச் சொல்லுவாரா?"ன்னா. சொல்லுவாரு சித்தின்னேன். "அப்ப வேண்டாம், அவரு வேலைய விட்டுருன்னுதான் சொல்லுவாரு, கடன யாரு கட்ட? எலை நல்ல எலை எந்தக் கடைல போடுதான், கூலி எங்க எம்புட்டுன்னு தெனமும் வாசிக்கச் சொல்லு, ஊரே கேக்கும்." எனக்குத் தோணாத நிகழ்ச்சி அது. எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் தோணிருக்காது.

இங்கதான் நம்ம நாட்டு சமுதாய வானொலி மேல எனக்கு ஒரு வருத்தம். நல்ல எண்ணத்தோட தொடங்குறாங்க, ஆனா நெறைய ஸ்டேஷன்ல கேட்டுப் பாத்தா காலைல கை கழுவு, மத்தியானம் டெங்கு கொசு, சாயங்காலம் எதாவது ஒரு அரசு திட்டம், விழிப்புணர்வு விழிப்புணர்வுன்னு கேக்குறவன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையாவே வச்சிருக்காங்க. காரணம் காசுதான். சந்தா கட்டிக் கேக்குற பழக்கம் நம்மகிட்ட இல்ல, உள்ளூர் ஜவுளிக்கடை வெளம்பரம் எவ்வளவு வந்துரும், அப்ப அரசாங்க வெளம்பரமும் எதாவது திட்டப் பணமும் வந்தாத்தான் கரண்ட் பில்லு கட்ட முடியும், பணம் குடுக்கறவன் தலைப்பையும் சேத்துத்தான் குடுப்பான். 2024ல ஒரு மணி நேரத்துக்கு 7 நிமிசம் இருந்த வெளம்பரத்த 12 நிமிசமாக்கி, அரசாங்க வெளம்பரத்துக்கு 10 செகண்டுக்கு 52 ரூவா இருந்தத 74 ரூவா ஆக்கிருக்காங்க. கொஞ்சம் மூச்சு விடலாம், அவ்வளவுதான்.

இன்னொண்ணு செய்தி. சமுதாய வானொலி சொந்தமா செய்தி வாசிக்கக் கூடாது, ஆல் இந்தியா ரேடியோ செய்திய வேணா அப்படியே, இல்லன்னா உள்ளூர் பேச்சுல மொழிபெயர்த்துப் போட்டுக்கலாம். வானிலை, தேர்வு, திருவிழா, கரண்டு கட்டு, தண்ணி வர்ற நேரம், வெள்ளம் இதெல்லாம் செய்தி கணக்குல வராது, சொல்லலாம். அதாவது பாபநாசம் அணைல 143 அடிக்கு எத்தன அடி நிக்குது, மணிமுத்தாறுல 118க்கு எத்தன நிக்குதுன்னு வாசிக்கலாம், பிசான நெல்லுக்கு கன்னடியன் கால்வாய்ல தண்ணி தெறந்தாச்சுன்னு சொல்லலாம், ஆனா கடைமடைக்கு ஏன் தண்ணி வரலன்னு நாலு விவசாயிய உக்கார வச்சுப் பேசுனா அது தகவலா செய்தியான்னு யாரு முடிவு பண்ணுவா? ஸ்டேஷன்காரன் பயந்துக்கிட்டு கொசுவுக்கே திரும்பிப் போயிருவான். ஊர்க்காரன் டீக்கடைல பேசுறத ஊர் ரேடியோவுல பேச முடியாதுன்னா அது என்னத்துக்கு ஊர் ரேடியோ. சட்டத்துல மாத்த வேண்டியது எதாவது இருக்குன்னா எனக்கு இதுதான் மொதல்ல தோணுது, வெளம்பர நிமிசம் எல்லாம் அப்புறம்.

2023 டிசம்பர் வெள்ளத்த நெனச்சுப் பாருங்க. 17, 18 தேதிகள்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயிலே நடுவழில மாட்டி நின்னுச்சு. ஆத்தூர் பக்கம் இருக்கற எங்க மதினி வீட்டுக்கு போன் போட்டா போகவே இல்ல, கரண்டும் இல்ல, டவரும் இல்ல. சென்னைல டிவி பாக்குறவனுக்கு ஸ்ரீவைகுண்டத்துல என்னன்னு தெரியுது, ஸ்ரீவைகுண்டத்துல மொட்டமாடில நிக்கறவனுக்கு பக்கத்துத் தெருவுல என்னன்னு தெரியல. எந்த ரோட்டுல போட் வருது, எந்த ஸ்கூல்ல சோறு போடுதாங்கன்னு சொல்ல ஒசரமான எடத்துல ஒரு ஜெனரேட்டர், நூறு வாட்டு பெட்டி, பேச ஒரு ஆள், வீட்டுல பேட்டரி போட்ட ரேடியோ இருந்தாப் போதும். ஆனா அன்னைக்கு மட்டும் ஸ்டேஷனத் தெறந்தா யாரும் கேக்க மாட்டாங்க. மத்த நாள்ல எலை வெலையும் வில்லுப்பாட்டும் கேட்டுப் பழகுன காதுதான் அன்னைக்கு அந்த நம்பரத் திருப்பும்.

எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணாச்சி கேட்டாரு, எல்லாந்தான் யூடியூப்ல கெடக்கே, இதுக்கு எதுக்குடே ரேடியோன்னு. கெடக்கு, வில்லுப்பாட்டே மணிக்கணக்குல கெடக்கு, நானும் அதுலதான் கேக்கேன். ஆனா யூடியூப் நான் நேத்து பாத்ததுக்கு அண்ணன் தம்பியத்தான் இன்னைக்குக் கொண்டு வந்து போடும். உவரிக்காரன் கட்டுமரக் கதையும் மேலப்பாளையத்து நோம்புக்கஞ்சியும் பத்தமடைல பாய்க்கு கோரை சாயம் முக்குறதும் திசையன்விளைல பனை ஏறுறவரு சொல்லுத நாள் கணக்கும் நான் தேடிப் போகாமலே என் காதுல விழணும்னா அதுக்கு வேற யாரோ ஒருத்தர் எனக்காகத் தெரிஞ்செடுக்கணும், அவருக்கு என்னைத் தெரிஞ்சிருக்கவும் கூடாது. அண்ணாச்சிக்கு இது வெளங்கல. அவருக்கு கிரிக்கெட் கமென்ட்ரி இருந்தாப் போதும்னாரு. அதையும் சேத்துக்கலாம், உள்ளூர் மேட்சுக்கு கமென்ட்ரி சொல்ல தடை இல்ல, எங்க ஊர்ப் பொங்கல் கபடிக்கு மைக் புடிக்கற பயல விட்டா ரெண்டு மணி நேரம் நிறுத்தாமப் பேசுவான்.

கடைசியா லைசென்ஸ் சமாச்சாரம், கேக்குறவங்களுக்காக. தனி ஆளுக்குக் குடுக்க மாட்டாங்க, கட்சிக்கும் குடுக்க மாட்டாங்க. லாபத்துக்கு நடத்தாத அமைப்பா இருக்கணும், பதிஞ்சு மூணு வருசமாவது அந்த ஊர்ல வேலை பாத்திருக்கணும், நிகழ்ச்சில பாதியாவது அங்கனயே அந்த மக்களோட சேந்து பண்ணினதா இருக்கணும், முடிஞ்ச வரைக்கும் உள்ளூர் பேச்சுல. உங்க ஊர்ல வாசகசாலை, விவசாயிகள் சங்கம், நீர்ப் பயனாளிகள் சங்கம்னு எதாவது பேருக்கு இருந்து பீரோவுக்குள்ள தூங்கிட்டு இருந்தா மொதல்ல அந்தப் பதிவு சர்டிபிகேட்டத் தேடி எடுத்து புதுப்பிச்சிருக்கான்னு பாருங்க, முக்கால்வாசி எடத்துல புதுப்பிச்சிருக்க மாட்டாங்க.